ஒரே ஆள், நாலு வாத்தியம்: அனலாக் பெடல்களை எப்படிக் கோர்ப்பது?

திருமலைத்தந்தி

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை. வயலின்தான் முதல் வாத்தியம். கூடவே அக்கூஸ்டிக் கிற்றார், மெலோடிக்கா, ஒரு சின்னக் கீபோர்ட். மே தொடங்கி செப்டெம்பர் வரை சீசனுக்கு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் பெரும்பாலும் தனியாக வாசிப்பேன். மற்ற மாதங்களில் கலியாண வீடு, கோவில் கச்சேரி.

கிற்றாருக்கென்று மூன்று பெடல் (காலால் மிதித்துச் சத்தத்தின் நிறத்தை மாற்றும் சின்னப் பெட்டி) சேர்த்து வைத்திருக்கிறேன். சத்தத்தைக் கரகரப்பாக்க ஒரு ஓவர்ட்ரைவ், தடிப்பாக்க ஒரு பழைய கோரஸ், எதிரொலி தர ஒரு அனலாக் டிலே. கிற்றாரில் மூன்றும் வடிவாக வேலை செய்கின்றன. வயலினைச் செருகினால் தகரத்தில் ஆணியால் கீறுவது போல வருகிறது. கீபோர்டைச் செருகினால் டிலே கரகரக்கிறது. மெலோடிக்கா மைக்கில் வாசிப்பது, அதைப் பெடலுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்றே விளங்கவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: ஆள் ஒருவனாக இருந்தாலும் ஒரு பாட்டுக்குள் மூன்று நாலு நிறம் வர வேண்டும். பின்னணி டிராக் ஓடவிட்டு வாசிக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் பெடல் வாங்க வேண்டுமா, இருப்பதையே பொதுவாகப் பாவிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈயப்புகை

தம்பி, உங்கள் பெடல்களில் பிழை இல்லை. வாசலில்தான் பிரச்சினை. நாலு வாத்தியமும் நாலு விதமான சிக்னலைத் தருகின்றன. பெடல் எதிர்பார்ப்பதோ எலக்ட்ரிக் கிற்றாரின் சிக்னலை மட்டும்.

வயலினில் பாலத்தில் ஒட்டும் பீசோ பிக்கப் தானே? பீசோ என்பது மின்சார ரீதியில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர். அது எந்த இன்புட்டில் போய்ச் சேருகிறதோ அந்த இன்புட்டின் தடையோடு சேர்ந்து அடிக்குரலை வெட்டும் ஃபில்டராகிவிடும். கணக்கு: 1 ஐ 2 × பை × ஆர் × சி ஆல் வகுக்க வேண்டும் (பை 3.14, ஆர் இன்புட்டின் தடை, சி பிக்கப்பின் கெப்பாசிட்டி). பிக்கப் 1 நானோஃபாரட் என்று வையுங்கள். இன்புட் 1 மெகாஓம் என்றால் வெட்டு 159 ஹேர்ட்ஸில் தொடங்கும். வயலினின் கீழ்த்தந்தி வழக்கமான மேற்கத்தியச் சுருதியில் 196 ஹேர்ட்ஸ், அது ஓரளவு தப்பிவிடும். 100 கிலோஓம் என்றால் வெட்டு 1590 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். மிக்சரின் லைன் இன்புட் போல 10 கிலோஓம் என்றால் 15,900. மிஞ்சுவது வில்லின் உரசல் மட்டும். நீங்கள் கேட்கும் தகரச் சத்தம் அதுதான்.

கர்நாடக முறையில் தந்தியை இன்னும் இறக்கிச் சேர்ப்பவர்களுக்கு 1 மெகாஓமும் போதாது. 10 மெகாஓம் இருந்தால் வெட்டு 16 ஹேர்ட்ஸுக்குப் போய்விடும், பிறகு கவலை இல்லை.

தீர்வு ஒரு பஃபர், அதாவது வாத்தியத்துக்கும் பெடலுக்கும் நடுவில் வைக்கும், இன்புட் தடை அதிகமான ஒரு சின்னச் சர்க்கியூட். டிஎல்072 என்ற ஐசி ஒன்று, 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று, நாலைந்து கெப்பாசிட்டர், 9 வோல்ட் பற்றரி. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாமே கிடைக்கும். வயலினிலிருந்து பஃபருக்குப் போகும் வயரை முடிந்த அளவு கட்டையாக வையுங்கள். பஃபருக்குப் பிறகு எவ்வளவு நீள வயர் என்றாலும் பரவாயில்லை. அக்கூஸ்டிக் கிற்றாரில் உள்ளே பற்றரி போடும் பிரீஆம்ப் இருந்தால் அதற்கு இது தேவையில்லை. அதனால்தான் கிற்றார் மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது.

மேடைஒலி

ஈயப்புகை அண்ணா சொன்னதோடு சத்த அளவையும் சேர்த்துப் பாருங்கள். கிற்றார் பிக்கப் தருவது ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு அளவில். கீபோர்ட் தருவது லைன் லெவல். வீட்டுச் சாமானின் அளவுப்படி பார்த்தாலும் 0.316 வோல்ட், ஸ்டூடியோச் சாமானின் அளவுப்படி 1.23 வோல்ட். மைக்கோ சில மில்லிவோல்ட்தான். 9 வோல்ட் பெடல் ஒன்று இந்த மூன்றையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

கீபோர்டில் வொலியூமை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள், இடப்பக்க மோனோ ஜாக்கை மட்டும் எடுங்கள். கரகரப்பு போய்விடும். அனலாக் டிலேயில் அந்த எல்லையைக் கொஞ்சம் தொடும் இடத்தில் எலக்ட்ரிக் பியானோ சத்தம் அருமையாகத் தடித்து வரும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

மெலோடிக்காவுக்கு வேறு வழி. மைக்கைப் பெடலுக்குள் இழுக்க வேண்டாம், மிக்சரில் ஒக்ஸ் சென்ட் (ஒவ்வொரு சனலிலிருந்தும் வேண்டிய அளவு சத்தத்தைத் தனியாக வெளியே அனுப்பும் ஜாக்) இருக்கிறதே, அதிலிருந்து ஒரு வயர் டிலேக்கு. டிலேயிலிருந்து வெளியே வருவதை ஒரு வெறும் சனலில் கொண்டுவாருங்கள். ஒக்ஸ் நொப்பை மிகக் குறைவிலிருந்து தொடங்குங்கள். முக்கியம்: திரும்பி வரும் அந்த சனலின் ஒக்ஸ் நொப்பைத் திறக்கவே கூடாது. திறந்தால் சத்தம் தன்னையே சுற்றிச் சுற்றி ஊளையிடத் தொடங்கிவிடும். சில டிலே பெடல்களில் எதிரொலியை மட்டும் தனியாக எடுக்க ஒரு ஜாக் இருக்கும், இருந்தால் இந்த வேலைக்கு அதுதான் சரி.

இதில் இன்னொரு நன்மை, வயலின், கீபோர்ட், மெலோடிக்கா மூன்றும் ஒரே டிலேயைப் பங்குபோடலாம். எதற்கு எவ்வளவு என்பதை அந்தந்த சனலின் நொப்பில் தீர்மானிக்கலாம். ஜாக்கைக் கழற்றிக் கழற்றி மாற்றும் தொல்லை இல்லை.

கீஸ்கிண்ணியா

குறை நினைக்க வேண்டாம். இவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு டிஜிட்டல் மல்டி எஃபெக்ட் வாங்கினால் டிலே, கோரஸ், ரிவேர்ப், ஈகியூ, டியூனர் எல்லாம் ஒரே பெட்டி. வாத்தியத்துக்கு ஒரு பேட்ச் சேமித்து வைத்துக் காலால் மாற்றலாம். நான் கலியாண வீடுகளுக்கு அப்படித்தான் போகிறேன். பாட்டுக்குப் பாட்டு சவுண்ட் மாறும் இடத்தில் பெடல் பெடலாகக் குனிந்து திருகிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

ஈயப்புகை

கலியாண வீட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. நாற்பது பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சவுண்ட் என்றால் நானும் மல்டி எஃபெக்ட்தான் எடுப்பேன்.

தம்பியின் தேவை வேறு. அவர் ஒருவரே வாசிக்கிறார், பாட்டுக்கு நடுவில் சத்தத்தை வளர்க்க வேண்டும். அங்கே அனலாக் டிலேயின் ஒரு குணம் பெரிய உதவி. அதன் உள்ளே இருப்பது பக்கெட் பிரிகேட் ஐசி. 1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் பிறந்த யோசனை. வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள் சிக்னலை ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிக்கொண்டே போகும். பொஸ் டிஎம்-2 போன்ற 80களின் பெடல்களில் இருந்த எம்என்3005 ஐசியில் 4096 படிகள். கைமாற்றும் வேகத்தை ஒரு கடிகாரச் சிக்னல் தீர்மானிக்கும். 4096ஐ அந்த வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். 300 மில்லிசெக்கன் வேண்டுமென்றால் கடிகாரம் 6.8 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் 3.4 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள எதையும் சுத்தமாகக் கடத்த முடியாது, அதனால் ஃபில்டர் போட்டு வெட்டிவிடுவார்கள்.

இதைக் குறை என்று சொல்வார்கள். வயலினுக்கு இது குறையே இல்லை. நீங்கள் வாசிக்கும் சுரத்தில் வில்லின் கூர்மை இருக்கும், எதிரொலியில் அது இருக்காது. அடுத்த எதிரொலி இன்னும் மங்கும். அதனால் பழைய சத்தம் புதுச் சத்தத்தின் மேல் ஏறி விழாமல் அடியில் தங்கிவிடும். டிஜிட்டலில் துல்லியமாகத் திரும்பி வரும்போது இரண்டு வயலின் சண்டை பிடிப்பதாகத்தான் எனக்குக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. "அனலாக் டிலே" என்று மலிவாக வரும் பல பெடல்களுக்குள் இருப்பது பிடி2399 என்ற டிஜிட்டல் ஐசி. அதுவும் கொஞ்சம் மங்கலாகத்தான் ஒலிக்கும், கெட்ட சாமான் இல்லை. ஆனால் அனலாக் விலை கொடுத்து அதை வாங்காதீர்கள். அடித்தட்டைக் கழற்றி ஐசியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். எம்என்3005, எம்என்3205, வி3205 என்ற இலக்கங்கள் இருந்தால் பக்கெட் பிரிகேட்தான்.

மந்திரஸ்தாயி

நான் வீணை. கொன்டாக்ட் மைக் போட்டு வாசிக்கிறேன். தம்பி, கோரஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கமகம் உள்ள வாத்தியத்தில் கோரஸைப் போடாதீர்கள். கோரஸ் செய்வதே சுருதியை மேலும் கீழும் மெல்ல அசைத்து மூலத்தோடு கலப்பதுதான். நாம் காந்தாரத்தை அசைப்பது ராகத்துக்காக, ஒரு கணக்கோடு. பெடல் அசைப்பது அதன் வேகத்தில், அதன் அளவில். இரண்டும் கலந்தால் தோடியின் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று வாசிப்பவருக்கே தெரியாமல் போகும். சஹானா போன்ற ராகத்தில் சுத்தமாகக் குழம்பிவிடும்.

அதற்குப் பதில் ஃபேஸரை முயன்று பாருங்கள். 1974இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 மாதிரி நாலு ஸ்டேஜ் ஃபேஸர் ஒலியில் இரண்டு பள்ளங்களை உண்டாக்கி அவற்றை மேலும் கீழும் நகர்த்தும். நிறம் மாறும், சுரத்தின் இடம் பெரிதாகக் குழம்பாது. நொப் ஒன்றே ஒன்றுதான். அதை மிக மெதுவாக வைத்து வீணையில் தானம் வாசித்தால் ஒவ்வொரு மீட்டும் கொஞ்சம் வேறு நிறத்தில் விழும். எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது.

கோரஸைக் கீபோர்டுக்கும் கிற்றார் கோர்டுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது அழகு.

சுத்தசுருதி

பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். நான் கோணேசர் கோவிலிலும் பத்திரகாளி கோவிலிலும் தேவாரத்துக்குப் பக்கவாத்தியம் வாசித்தவன். வயலினுக்கு இருக்கிற குரலே போதும். கடற்கரை ஹோட்டலில் எதையும் செய்யுங்கள், நான் தடுக்க மாட்டேன். சன்னிதியில் பண் பாடும்போது பின்னால் எதிரொலி ஓடினால் பாடுபவரின் சொல் அமிழ்ந்துபோகும். கருங்கல் மண்டபமே போதிய எதிரொலி தரும்.

திருமலைத்தந்தி

ஐயா, கோவிலுக்கு நான் பெடலைத் தூக்கிக்கொண்டு வருவதே இல்லை. தேவாரத்தில் சொல் கேட்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் வயலினுக்கு இருக்கிற குரல் போதும் என்பதை மட்டும் முழுதாக ஏற்க முடியவில்லை. எல். சங்கர் பத்துத் தந்தி இரட்டை வயலின் செய்து வாசித்தார். யூ. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மண்டலினில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்தார், ஒரு குறையும் இல்லாமல். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 70களின் தொடக்கத்தில் ட்ரம்பெட்டை வாவா பெடலுக்குள் விட்டார். அடிப்படை வாசிப்பு அசையாமல் இருந்தால் நிறத்தைக் கூட்டுவதில் பிழை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சுத்தசுருதி

ஸ்ரீநிவாஸின் கச்சேரியை நானும் மெய்மறந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கையில் கமகம் இருந்தது. சரி, நீங்கள் தொடருங்கள். முதலில் வயரில்லாமல் சாதகம் செய்துவிட்டுப் பெடலைத் தொடுங்கள், அவ்வளவுதான் கேட்பேன்.

உப்புவெளிக்கிற்றார்

நானும் இதே ஹோட்டல்களில்தான் வாசிக்கிறேன். ஓவர்ட்ரைவ் பற்றி என் பங்கு.

வயலினில் ஓவர்ட்ரைவ் போடுவதென்றால் கெயினைக் கிட்டத்தட்ட அடியில் வையுங்கள், டோனை இறக்குங்கள். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்கள் சுமார் 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அவ்வளவாகச் சிதைக்காமல் நடுக்குரலைத்தான் கடிக்கும். வயலினில் அந்த நடுக்குரல் ஏற்கெனவே முன்னுக்கு நிற்பது, அதனால் கிற்றாருக்கு வைக்கும் அளவு இதற்கு அதிகம். கெயின் குறைவாக இருந்தால் வில்லை மெல்ல இழுக்கும்போது சுத்தமாகவும், அழுத்தும்போது கரகரப்பாகவும் வரும். காலால் எதையும் மிதிக்காமல் கையிலேயே இரண்டு நிறம்.

இரண்டு தந்தியைச் சேர்த்து இழுக்கும்போது ச-ப என்றால் தடித்து அழகாக வரும். ச-க என்று வைத்தால் இரண்டு சுரத்தின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாக முளைத்துக் காதைக் குத்தும். ஓவர்ட்ரைவ் எரியும்போது ஒற்றைத் தந்தி, இல்லையென்றால் பஞ்சமம்.

டிலேயைத் தாளத்தோடு சேர்க்க 60,000ஐ வேகத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 600 மில்லிசெக்கன். 300 வைத்தால் அரைத் தட்டு. 200 வைத்தால் திஸ்ரம், பைலா நடைக்கு அது அப்படியே பொருந்தும்.

லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் பெடல்) வாங்கும் எண்ணம் உண்டா? தனி ஆளுக்கு அதுதான் பெரிய விஷயம். லூப்பர் டிஜிட்டல்தான், அதற்காகத் தயங்க வேண்டாம். ஆனால் வரிசையில் கடைசியில் வையுங்கள். அப்போதுதான் கிற்றாரைக் கோரஸோடும் வயலினை ஓவர்ட்ரைவோடும் தனித்தனி நிறத்தில் பதியலாம். லூப்பருக்குப் பிறகு ஓவர்ட்ரைவ் இருந்தால் பதிந்த எல்லாமே ஒரே குழம்பாகக் கடிபடும்.

மேடைஒலி

லூப்பர் வந்தால் நான் சொன்ன ஒக்ஸ் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒக்ஸிலிருந்து டிலே, டிலேயிலிருந்து மிக்சர், மிக்சரின் சப் அவுட்டிலிருந்து லூப்பர், லூப்பரிலிருந்து ஹோட்டலின் ஸ்பீக்கர். அந்த இடத்தில் லெவல் அதிகமாக இருக்கும், லூப்பரின் இன்புட் கரகரத்தால் மிக்சரில் குறையுங்கள்.

இன்னொன்று. ஓவர்ட்ரைவும் கம்ப்ரசரும் மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிடும். வயலின் உடம்பு மொனிட்டரின் (வாசிப்பவருக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சத்தத்துக்கு அதிரும், அந்த அதிர்வும் தூக்கப்பட்டு ஊளை வரும். மொனிட்டர் உங்கள் வலப்பக்கம் பின்னால் இருக்கட்டும், வயலினின் முகம் அதைப் பார்க்க வேண்டாம்.

திருமலைத்தந்தி

ஈயப்புகை அண்ணா சொன்ன பஃபரைச் செய்து போட்டுப் பார்த்தேன். கீழ்த்தந்தி திரும்ப வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அந்த மரத்தின் குரல் பெடலுக்குள் போகவே இல்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. மந்தரஸ்தாயியில் ஒரு நீளமான ஷட்ஜம் இழுத்து டிலேயை 300இல் விட்டேன். மூன்றாவது எதிரொலியில் வில்லின் உரசலே இல்லை, ஆர்மோனியத்தின் கீழ்க்கட்டைபோல ஒரு முழக்கம் மட்டும். தம்பூரா இல்லாத குறை தீர்ந்தது.

மந்திரஸ்தாயி அக்கா, கோரஸைக் கழற்றிக் கீபோர்டுக்கு மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஃபேஸர் தேட வேண்டும்.

மெலோடிக்கா ஒக்ஸ் வழியாக வந்துவிட்டது, மேடைஒலி அண்ணாவுக்கு நன்றி. இப்போது புதுக் கேள்வி. பேஸ் வாசிக்க ஆள் இல்லை. சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கித் தரும் ஒக்டேவ் பெடல் போட்டால் வயலினிலோ மெலோடிக்காவிலோ பேஸ் வாசிக்க முடியுமா?

ஈயப்புகை

முடியும், நிபந்தனையோடு. 1982இல் வந்த பொஸ் ஓசி-2 வகை அனலாக் ஒக்டேவ், அலை எத்தனை முறை மேலே கீழே போகிறது என்று பார்த்து அதை இரண்டால், நாலால் வகுக்கும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். இரண்டு தந்தி சேர்ந்தால் அதற்கு எதை வகுப்பதென்று தெரியாமல் கொப்பளிக்கும்.

இதில் நமக்கு ஒரு வசதி: அது சுரத்தைக் கட்டம் போட்டு அளப்பதில்லை. நீங்கள் வழுக்கினால் அதுவும் வழுக்கும். கமகம் கீழ் ஸ்தாயியிலும் அப்படியே வரும்.

வயலினின் கீழ்த்தந்தியில் அடிப்படை அலை பலவீனம், மேல் ஒத்திசைகள் பலம். பெடல் ஏமாந்து மேலே தாவும். அதனால் மேல் தந்திகளில், விரல் பலகைப் பக்கமாக வில்லை வைத்து மெதுவாக இழுங்கள். பெடலுக்கு முன்னால் ஒரு ஈகியூ வைத்து உயர்குரலை வெட்டினால் இன்னும் நிலையாக நிற்கும். மெலோடிக்காவிலும் நாக்கின் ஒத்திசை அதிகம், அதே வெட்டு தேவை. வீட்டில் புல்லாங்குழல் இருந்தால் அதுதான் இந்தப் பெடலுக்கு மிகச் சிறந்தது, அதன் அலை கிட்டத்தட்டச் சுத்தமானது.

ஒக்டேவை வரிசையில் முதலாவதாக வையுங்கள். ஓவர்ட்ரைவுக்குப் பின்னால் வைத்தால் அலையை அதால் எண்ணவே முடியாது.

உப்புவெளிக்கிற்றார்

ஃபஸ் (ஓவர்ட்ரைவைவிடக் கடுமையாகச் சத்தத்தைச் சிதைக்கும் பெடல்) வாங்கும் ஆசை வந்தால் ஜெர்மேனியம் வேண்டாம், சிலிக்கன் எடுங்கள். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் கசிவு சூடு ஏற ஏறக் கூடும். நம்முடைய ஜூலை மாதப் பகலில், கடற்கரை மேடையில், மூன்று மணிக்கு ஒரு சத்தம், இரவு எட்டு மணிக்கு வேறு சத்தம் தரும்.

உப்புக்காற்றையும் மறக்காதீர்கள். ஜாக்கும் மிதி சுவிட்சும்தான் முதலில் பச்சை பிடிக்கும். சீசன் முடிந்ததும் உள்ளே இருக்கும் பற்றரியைக் கழற்றி, ஜாக்குகளைக் கொன்டாக்ட் கிளீனரால் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வாடைக்காற்று மாதங்களில் திறந்த அலுமாரியில் விட்டால் மாசியில் எடுக்கும்போது ஒவ்வொரு நொப்பும் கரகரக்கும்.

திருமலைத்தந்தி

கடைசியாக இரண்டு விஷயம். ஒன்று, மூன்று பெடலையும் ஒரே அடப்டரில் சங்கிலி வயர் போட்டுக் கொடுத்தால் மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது. டிலே நேரத்தைத் திருகினால் விசிலின் சுருதியும் மாறுகிறது. இரண்டு, தனி அடப்டரில் போட்டால் பழைய கோரஸின் சிவப்பு லைட் மங்கலாக எரிகிறது, சத்தமும் நோஞ்சான்.

ஈயப்புகை

விசில்: கோரஸுக்குள்ளும் டிலேக்குள்ளும் தனித்தனிக் கடிகாரச் சிக்னல் ஓடுகிறது. ஒரே கரண்ட் வயரில் இரண்டும் சந்தித்து, அவற்றின் வித்தியாசம் காதுக்குக் கேட்கும் சுரமாக வெளியே வருகிறது. தனித்தனியாகப் பிரித்த அவுட்புட் உள்ள பவர் சப்ளை எடுத்தால் போய்விடும். இப்போதைக்கு டிலேயை மட்டும் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள்.

கோரஸ்: கரண்ட் ஜாக்குக்குப் பக்கத்திலோ அடியிலோ ஏசிஏ அடப்டர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் பெடல்கள் கிட்டத்தட்ட 12 வோல்ட் தரும் ஒழுங்குபடுத்தாத அடப்டருக்குச் செய்தவை. உள்ளே ஒரு ரெசிஸ்டரும் டயோடும் அதை 9க்கு இறக்கும். இன்றைய 9 வோல்ட் அடப்டரைக் கொடுத்தால் உள்ளே 9 போய்ச் சேராது. நடு முனை நெகட்டிவ் உள்ள 12 வோல்ட் கொடுக்கலாம், அல்லது 9 வோல்ட் பற்றரி போடலாம், பற்றரி அந்த ரெசிஸ்டரைத் தாண்டிப் போவதில்லை. ஏசிஏ என்று எழுதியிருக்காவிட்டால் 12ஐக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம்.

திருமலைத்தந்தி

ஏசிஏ என்றுதான் போட்டிருக்கிறது அண்ணா. பற்றரி போட்டதும் லைட் பளிச்சென்று எரிகிறது, கீபோர்டில் கோரஸ் அகலமாக வருகிறது. டிலேயையும் பற்றரிக்கு மாற்றினேன், விசில் இல்லை. பிரித்த சப்ளை ஒன்று பழையதாகக் கிடைத்தால் யாராவது இங்கே எழுதுங்கள். ஃபேஸரும் தேடுகிறேன், ஃபேஸ் 90 என்றில்லை, நாலு ஸ்டேஜ் எதுவானாலும் பரவாயில்லை.

மந்திரஸ்தாயி

என்னிடம் ஒரு ஃபேஸர் கூடுதலாக இருக்கிறது தம்பி. விற்பதற்கு இல்லை, சீசன் முடியும் வரை வைத்து வாசியுங்கள். தனிமடலில் எழுதுங்கள்.